ஓவர்டைமைச் சேர்க்காதே

நான் பேசாமல் இருந்தது போதும். போன மாதம் நீ போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது, "சரிப்பா, உடம்பப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்தேன். ஏழு வருஷமாக உன்னிடம் ஏறக்குறைய அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு எதிலும் திருப்தி கிடையாது என்று நீ நினைத்திருப்பாய். இந்த டவுன்ஷிப்பில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் பேசாமல் போனதற்குக் காரணம் வேறு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன நாட்டுக்குப் போகிறாய், நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் உன் அலுவலகத்துக்காக அதன் கடனைப் பற்றிய அறிக்கையை நீதான் எழுதப் போகிறாய் என்று சொன்னாய். "அசல்ல வெட்டல்லாம் கெடையாதுப்பா. வருஷத்த நீட்டிக் குடுக்கப் போறாங்க. அவங்க தாங்குவாங்கன்னுதான் கணக்கு வருது" என்றாய். அந்த 'தாங்குவாங்க' என்ற சொல்தான் காரணம். அதை நான் இருபத்தெட்டு வருஷம் எழுதிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்தவன் என்பது உனக்குத் தெரியும். கல்லூரி வேலைக்கு நாலு வருஷம் காத்திருந்து, கிடைக்காமல், இங்கே சுரங்க ஊழியர்களின் கடன் சங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எனக்கு ஆறு வருஷம் பின்னால் வந்தவன் செயலாளர் ஆனான். அவன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது நான் கைதட்டியதில்லை, இனியும் தட்டப் போவதில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் நான் செய்த வேலை என்ன என்று உனக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பர்மனென்ட் தொழிலாளி ஒருவர் கடன் கேட்டு விண்ணப்பம் கொடுப்பார். அவருடைய சம்பளச் சீட்டை வைத்து நான் கணக்குப் போடுவேன். எல்லாப் பிடித்தமும் போகச் சம்பளத்தில் கால் பங்காவது வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. கால் பங்கு மிஞ்சினால் விண்ணப்பத்தின் மூலையில் 'தாங்குவார்' என்று எழுதுவேன். மிஞ்சாவிட்டால் 'தாங்கமாட்டார்'. கமிட்டிக்காரர்கள் அந்த மூலையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

வெறும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் பாதிப் பேருக்குக் கேட்ட கடன் கொடுக்க முடியாது. கடன் கொடுக்காவிட்டால் சங்கத்துக்கு வட்டி வராது, கமிட்டிக்குத் தேர்தலில் ஓட்டு வராது. ஆகவே சம்பளத்தோடு ஓவர்டைமையும் நைட் ஷிப்ட் அலவன்ஸையும் இன்சென்டிவையும் சேர்த்துக் கணக்குப் போடலாம் என்று ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தது நான். மூன்று வருஷமாகத் தவறாமல் வருகிற பணம் நாலாவது வருஷமும் வரும் என்பதற்கு அழகான ஒரு பட்டியலும் போட்டுக் கொடுத்தேன். கட்ட முடியாமல் ஒருவர் தடுமாறினால் அதற்கும் வழி வைத்திருந்தேன், அதற்குப் பெயர் புதுப்பிப்பு. பழைய கடன் அடைந்தது என்று ஒரு வரி. புதுக் கடன் கொடுக்கப்பட்டது என்று அடுத்த வரி. இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு பைசாகூடக் கை மாறாது, கடன் மட்டும் வளர்ந்திருக்கும். சங்கத்தில் நிலுவை என்பதே இல்லை என்று ஆடிட்டர் எழுதினார். அந்த வருஷப் பொதுக்குழுவில் மேடைக்குக் கூப்பிட்டு எனக்கு நாலடுக்கு டிபன் கேரியர் கொடுத்தார்கள். நீ ஸ்கூலுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று அழுதாயே, அதுதான் அது.

இப்போது உனக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஆரோக்கியசாமி, மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. "பெல்ட்டு ஓடிக்கினே இருந்தா எனக்கு வேல இல்ல சார். அது நின்னா நான் ஓடணும்" என்பார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். மூன்று தலைமுறையாக அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலிக்குக் கொட்டை பொறுக்கின குடும்பம். கான்ட்ராக்டில் பதினோரு வருஷம் கிடந்து, பர்மனென்ட் ஆன பிறகு, சங்கத்தில் கடன் வாங்கி ஒன்றரை ஏக்கர் தோப்பு வாங்கினார். அந்தக் குடும்பத்தின் பேரில் எழுதப்பட்ட முதல் மண். பத்திரத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, "ஒரு தரம் படிச்சிக் காட்டுங்க சார்" என்றார். அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. படித்தேன். 'வடக்கே பாதை' என்று வந்த இடத்தில் "ஆமாமா, பாத நம்ம பக்கந்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்தக் கடனையும் ஓவர்டைமைச் சேர்த்துத்தான் நான் பாஸ் செய்திருந்தேன்.

அந்தப் புயல் வந்தபோது நீ டெல்லியில் இருந்தாய். நம் குவார்ட்டர்ஸ் பலாமரம் விழுந்து ஓடு உடைந்ததைப் போனில் சொன்னது ஞாபகம் இருக்கும். பண்ருட்டிப் பக்கம் ஒரே காலையில் தோப்பு தோப்பாக வேரோடு சாய்ந்து கிடந்தது. ஆரோக்கியசாமியின் ஒன்றரை ஏக்கரில் நின்றது நாலு மரம். அதே சமயம் அவர் பிரிவில் ஓவர்டைமையும் நிறுத்திவிட்டார்கள். பிடித்தம் போக அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதே நேரத்தில்தான் உனக்கு வெளிநாட்டில் படிக்க இடம் வந்தது. படிப்புக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் பயணத்துக்கும், பேங்கில் காட்ட வேண்டிய தொகைக்கும் நான்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். சங்கத்தில் கடன் கேட்டேன். கடனுக்கு இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். ஒருவர் என் பக்கத்து மேஜைக்காரர். இரண்டாவதாக உன் பெரிய மாமாவிடம் போனேன். இன்ஜினியர், பெரிய குவார்ட்டர்ஸ், ஒரு கடனும் இல்லாதவர். காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, "பணம் வேணா கேளுங்க மச்சான், பாக்கலாம். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க" என்றார்.

"அப்ப பணமாவே குடுங்க" என்றேன்.

"இப்ப கையில இல்ல மச்சான்" என்றார். உன் அத்தை உள்ளே பாத்திரத்தைத் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுக் கழுவினாள். காபியை மீதி வைத்துவிட்டு எழுந்து வந்தவன், இன்றைக்கு வரை அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உன்னை மட்டும் அனுப்பியதற்குக் காரணம் இதுதான்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு ஆரோக்கியசாமி தானாகவே வந்தார். "என்னை ஏன் சார் கேக்கல? நான் போடறேன். நம்ம புள்ள படிக்கப் போவுது" என்றார். போட்டுவிட்டார். நம் சங்கத்தில் அது வழக்கம், நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்று ஒரு ஷிப்ட் முழுவதும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் நான் அவருக்கு ஒரு கையெழுத்தும் போட்டதில்லை.

இங்கேதான் நான் செய்த காரியம் வருகிறது. இயற்கைச் சீற்றத்தில் பாதிக்கப்பட்ட உறுப்பினருக்கு வட்டியை நிறுத்தலாம், தவணையைத் தள்ளிவைக்கலாம், அசலில் ஒரு பகுதியைச் சங்கத்தின் சேமநிதியில் நஷ்டமாக எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு துணைவிதி இருந்தது. யாரும் பயன்படுத்தியதில்லை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்தவன் அந்த அலுவலகத்தில் நான் ஒருவன்தான். ஆரோக்கியசாமிக்காகக் கமிட்டிக்கு ஒரு குறிப்பு எழுதினேன். ஒரே பக்கம். இரண்டு வருஷத்துக்குப் பிடித்தம் இல்லை, அசலில் மூன்றில் ஒரு பங்கு சங்கத்தின் நஷ்டம். இன்றைக்கும் சொல்வேன், என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நல்ல பொருளாதாரக் கட்டுரை அது. எழுதி முடித்த பிறகுதான் இன்னொரு விதி ஞாபகம் வந்தது. சலுகை பெறுகிற உறுப்பினர் யாருக்கும் ஜாமீன் நிற்க முடியாது. அவர் பெயர் சலுகைப் பட்டியலில் ஏறினால் உன் கடன் அன்றைக்கே நின்றுபோகும். வேறு ஜாமீன் தேட நேரமில்லை, நீ விசாவுக்குப் பணம் காட்ட வேண்டிய நாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

குறிப்பை டிராயருக்குள் போட்டேன். ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டு, "இதப் புதுப்பிச்சிடலாம். மாசப் பிடித்தம் கொறையும்" என்றேன்.

"எவ்ளோ வருஷம் சார்?"

"ஏழு."

"எனக்கு சர்வீசே ஏழுதான சார் கீது. புதுக்கன்னு வச்சா காய்க்கவே நாலஞ்சு வருஷம் ஆவுமே."

"ஓவர்டைம் திரும்ப வரும்."

"நீங்க சொன்னா சரி சார்" என்றார். விண்ணப்பத்தின் மூலையில் 'தாங்குவார்' என்று எழுதினேன். அவர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் எழுதியது மற்றவர்களுக்கு. இது தெரிந்தே எழுதியது. நீ அடுத்த மாதம் விமானம் ஏறினாய்.

அதன் பிறகு அவர் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. தவறவும் முடியாது, சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறோமே. என் பட்டியலில் அவருக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடும் விழவில்லை. எது நின்றது தெரியுமா? முதலில் அவர் வீட்டுப் பால் கார்டு நின்றது. அடுத்த வருஷம் அவர் மகள் ஸ்டெல்லாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தும் சேரவில்லை. பிறகு வீட்டுச் செலவுக்கு மந்தாரக்குப்பத்தில் வாரவட்டிக்கு வாங்க ஆரம்பித்தார்கள். நாலாவது வருஷம் தோப்பை விற்றார்கள், நட்ட கன்றுகள் முதல் பூ வைத்திருந்த சமயம். நடுவில் அவர் கடனை நான் இன்னும் இரண்டு தடவை புதுப்பித்தேன். இரண்டாவது தடவை, "பரவாயில்ல ஆரோக்கியசாமி, ஒரு நிலுவையும் இல்லாம சமாளிச்சிட்டீங்க" என்று சொன்னேன். சிரித்தார். "ஒங்க கணக்குல நான் நல்லாத்தான் சார் இருக்கேன். வூட்லதான் யாரும் ஒத்துக்க மாட்டன்றாங்க."

நீ அனுப்பிய பணத்தில் என் கடன் இரண்டே வருஷத்தில் முடிந்துவிட்டது. அவர் இந்த ஜனவரியில் ரிட்டயர் ஆனார். மீதிக் கடனை அவருடைய கடைசித் தொகையில் கழித்துக்கொண்டோம். கழித்தது போக வந்தது வாரவட்டிக்காரருக்குப் போதுமா என்று நான் கேட்கவில்லை. வேனில் ஊர்வலமாக வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், கழுத்தில் மாலையோடு, பாக்கி இல்லை என்கிற சீட்டை வாங்கச் சங்கத்துக்கு வந்தார். என் மேஜையில் இரண்டு லட்டு வைத்தார். "தம்பி நல்லாருக்காரா சார்? நான் போட்ட கையெழுத்து வீணாவல பாத்தீங்களா" என்றார். சீட்டில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். லட்டைப் பியூனிடம் கொடுத்துவிட்டேன்.

இதையும் நான் உன்னிடம் சொல்லாமலே செத்திருப்பேன். போன வாரம் வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். புது இடத்தில் கூட வேலை செய்பவர்களுக்குக் கொடுக்க முந்திரிப் பருப்பு வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருந்தாய். நல்லதாகப் பார்த்து வாங்கலாம் என்று காடாம்புலியூருக்கு நானே போனேன். கொட்டை உடைக்கும் கொட்டகைக்குப் பக்கத்திலேயே கடை. எடை போட வந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஸ்டெல்லா. விரல் நுனியெல்லாம் கொட்டைப் பாலில் வெந்து கறுத்திருந்தது.

"நல்லாருக்கீங்களா சார்? தம்பி எங்க இருக்காரு இப்ப?"

நீ போகிற நாட்டின் பெயரைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று விளக்கவும் ஆரம்பித்தேன். அவள் உள்ளே திரும்பிக் கத்தினாள்: "ஏய் சாந்தி, சாரோட புள்ள நம்ம மூட்ட வர்ற ஊருக்குப் போறாராம்டி!" பிறகு என்னிடம், "புயலுக்கு அப்பறம் நம்மூரு கொட்ட எங்க சார் பத்துது? கப்பல்ல வருது. அந்தூருக் கொட்டதான் ஒடச்சிக்கினு இருக்கோம்" என்று மூலையில் அடுக்கியிருந்த சாக்குகளைக் காட்டினாள். நீ போகிற நாட்டின் பெயர் சாக்கில் பச்சை எழுத்தில் இருந்தது.

"அங்க தம்பிக்கு இன்னா சார் வேல?"

"அந்த நாட்டுக்குக் கடன் இருக்கு. அத அவங்க தாங்குவாங்களா மாட்டாங்களான்னு பாத்துச் சொல்லணும்" என்றேன்.

"ஓ... நீங்க பாத்தீங்களே, அந்த வேலையா?" என்றாள். குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, கால் கிலோ எடைக்குமேல் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், அந்த நாட்டைப் பற்றி உன் அலுவலகம் முன்பு எழுதி, நீ மெயிலில் அனுப்பியிருந்த பழைய அறிக்கையை மந்தாரக்குப்பத்தில் பிரிண்ட் எடுத்து முழுதும் படித்தேன். உங்கள் இங்கிலீஷ் சுத்தமாக இருக்கிறது. பதினெட்டாம் பக்கத்துப் பட்டியலில், அந்த நாட்டுக்கு அடுத்த பத்து வருஷமும் முந்திரிக்கு நல்ல விலை, நல்ல மழை, ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைவிடக் கூடுதல் ஏற்றுமதி. பார்த்தவுடனே தெரிந்தது. இது என் பட்டியல். ஓவர்டைமைச் சேர்த்திருக்கிறீர்கள். இருபத்திரண்டாம் பக்கத்தில் மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் செலவு குறைந்ததைச் 'சிக்கனம்' என்று பாராட்டியிருக்கிறது. அது சிக்கனம் இல்லை, பால் கார்டு. ஒருவர் தவணை கட்டுகிறாரா என்று மட்டும் பார்த்தால் எல்லாரும் தாங்குவார்கள். கட்டுவதற்காக எதை முதலில் நிறுத்தினார் என்று கேள். அதைக் கேட்க நிதி அமைச்சகத்தில் உட்கார்ந்தால் போதாது. நீ கொட்டை உடைக்கிற கொட்டகைக்கோ ஆஸ்பத்திரி வாசலுக்கோ போக வேண்டியிருக்கும்.

உடனே நான் தள்ளுபடிக் கட்சிக்காரன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. நம் பிளாக்கிலேயே பன்னிரண்டு பேர் பெயரில் நகையை வைத்துக் கடன் வாங்கி, தேர்தல் சமயத்தில் தள்ளுபடி ஆனதும் ஸ்கூட்டர் வாங்கியவனை எனக்குத் தெரியும். அவனைப் பார்த்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த நாட்டிலும் அப்படி ஒரு மந்திரி இருப்பான், கடன் பணத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு மாளிகை கட்டியிருப்பான். வெட்டினால் அவனும்தான் தப்பிப்பான். நான் இத்தனை வருஷம் அந்த ஸ்கூட்டரைக் காட்டித்தான் என்னை நியாயப்படுத்திக்கொண்டேன். ஆனால் ஸ்கூட்டர்க்காரனைத் தண்டிக்க ஆரோக்கியசாமியின் சம்பளத்தில் பிடிப்பது என்ன கணக்கு? கடன் வாங்கியவர் தப்பாகக் கணக்குப் போட்டார் என்றால், கொடுத்தவரும் அதே கணக்கைப் பார்த்துத்தானே கொடுத்தார்? அசலில் ஒரு பங்கை வெட்டுவது தர்மம் செய்வது ஆகாது. என் கணக்கும் தப்பு என்று கொடுத்தவர் தன் செலவில் ஒத்துக்கொள்வது. வருஷத்தை நீட்டிக் கொடுத்தால் யாரும் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, அதனால்தான் எல்லாருக்கும் அது பிடிக்கிறது. எனக்கும் பிடித்திருந்தது.

இன்னும் ஒன்றுதான். 'தாங்குவார்' என்று எழுதுவதற்கு முன்னால், அந்தச் சொல்லால் யாருக்கு லாபம் என்று பார். எனக்கு லாபம் நீ. உன் அலுவலகத்தில் அது ஒரு பதவி உயர்வாக இருக்கலாம், அல்லது யாரும் உன்மேல் கோபப்படாத ஒரு கூட்டமாக இருக்கலாம். உன் மாமா கையெழுத்துப் போட மறுத்ததை ஏழு வருஷமாக நான் துரோகம் என்று சொல்லி வந்திருக்கிறேன். காபியை மீதி வைத்ததற்கு இன்னும் வருத்தமில்லை. ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர் இந்த டவுன்ஷிப்பில் அவர் ஒருவர்தான், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆரோக்கியசாமிக்கு என்று பணம் எதுவும் அனுப்பாதே. அது நீ பட்ட கடன் இல்லை. முத்தாண்டிக்குப்பம் பஸ்ஸில் இந்த வாரம் இரண்டு தடவை ஏறினேன். முதல் தடவை இறங்காமல் பண்ருட்டி வரைக்கும் போய்த் திரும்பினேன். இரண்டாவது தடவை இறங்கினேன், எதிர்ப்பக்கம் போய் நின்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு மூன்றாவது தடவை போகிறேன். அடுத்த வருஷம் எனக்கும் ரிட்டயர்மென்ட் பணம் வரும். அதில் எவ்வளவு அவருடையது என்று அவர் எதிரிலேயே உட்கார்ந்து கணக்குப் போடுவதாக உத்தேசம். அவர் வாங்குவாரா என்று தெரியாது. என்னைத் திட்டினால் நல்லது.

டிராயரில் கிடந்த அந்தப் பழைய குறிப்பை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. அதன் அடியில் கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாக இருக்கும். அதற்குக் காரணம் என் பயம். இந்தக் கடிதத்தின் அடியிலும் கையெழுத்து இருக்காது, காரணம் வேறு. என் கையெழுத்தால் நிறையப் பேர் எதை எதையோ சுமந்துவிட்டார்கள். கீழே என் பெயர் இருந்தால், அப்பா சொல்கிறார் என்று நீ கேட்டுக்கொள்வாய், அல்லது அப்பா எப்போதும் இப்படித்தான் என்று மடித்து வைத்துவிடுவாய். இரண்டும் வேண்டாம். பெயர் தெரியாத ஒரு குமாஸ்தாவின் கணக்கு என்று படித்து, சரியா தப்பா என்று நீயே போட்டுப் பார். தபால்பெட்டியை நாலு மணிக்குத் திறப்பார்கள். கையெழுத்துப் போடாமலே ஒட்டிக் கொண்டுபோகிறேன்.